ஸ்கேன் தாளில் வளரும் கட்டி

ஜனவரியில் எடுத்த ஸ்கேனில் கருப்பைக் கட்டி 4.8 செ.மீ. ஜூலையில் வேறொரு ஸ்கேன் சென்டரில் எடுத்ததில் 5.3 செ.மீ. நாற்பத்திரண்டு வயதுப் பெண் ஒருவர் இந்த இரண்டு ரிப்போர்ட்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆறே மாதத்தில் அரை சென்டிமீட்டர்! இப்படியே போனால் இரண்டு வருஷத்தில் எங்கே போய் நிற்கும்? வேகமாக வளர்கிறதே, புற்றுநோயாக இருக்குமோ? “குழந்தைதான் பெத்தாச்சே, பேசாம கர்ப்பப்பையை எடுத்துடு” என்று சொல்வதற்குச் சொந்தத்தில் ஓர் அக்காவோ சித்தியோ எப்போதும் உண்டு.

இந்தக் கணக்கில் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. கட்டி உண்மையில் வளர்ந்ததா? இனி எவ்வளவு வளரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா? வளர்ந்தால்தான் என்ன? மருத்துவ ஆய்வுகள் இவற்றுக்குத் தரும் விடைகள், ரிப்போர்ட்டைப் பார்த்தவுடன் மனத்தில் எழும் விடைகளுக்கு நேர்மாறானவை.

கருப்பைச் சுவரின் பெரும்பகுதி தசை. பிரசவத்தில் குழந்தையை வெளியே தள்ளுவது இந்தத் தசைதான். அதிலுள்ள ஒரு செல் வழக்கத்தை மீறிப் பெருகி, தன்னைச் சுற்றி நார்ப்பொருளையும் சுரந்து, உருண்டையாகத் திரண்டால் அதுதான் ஃபைப்ராய்டு. நார்த்திசுக் கட்டி என்று தமிழில் எழுதுகிறார்கள். இது புற்றுநோய் அல்ல. வேறு உறுப்புகளுக்குப் பரவாது.

எத்தனை பேருக்கு வருகிறது என்பதே பலருக்கு வியப்பாக இருக்கும். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஒரு மருத்துவத் திட்டத்தில் பதிவு செய்திருந்த 35 முதல் 49 வயதுப் பெண்களிலிருந்து குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்து, தொந்தரவு இருக்கிறதோ இல்லையோ, எல்லோரையும் ஆராய்ந்தார்கள். அந்த முடிவுகள் 2003-இல் வெளியாயின. ஐம்பது வயதுக்குள் வெள்ளையினப் பெண்களில் ஏறக்குறைய 70 சதவீதத்தினருக்கும் கறுப்பினப் பெண்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கும் ஃபைப்ராய்டு வந்துவிடுகிறது என்று அந்த ஆய்வு கணித்தது. மாதவிலக்கு நிற்காத பெண்களில், ‘எனக்கு அப்படி எதுவும் இல்லை’ என்று இருந்தவர்களிலேயே பாதிப் பேரிடம் ஸ்கேன் கட்டியைக் காட்டியது. அதாவது, வயிற்றில் கட்டி இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிப்பவர்கள் ஏராளம்.

கையிலிருந்து ஒலிக்கு

ஸ்கேன் வருவதற்கு முன்பு கைதான் கருவி. மருத்துவர் ஒரு கையால் அடிவயிற்றை அழுத்தி, மறுகை விரல்களால் உள்ளிருந்து கருப்பையைத் தொட்டுப் பார்ப்பார். அதன் அளவைக் கர்ப்ப வாரங்களில் சொல்வார். ‘பன்னிரண்டு வார அளவு’ என்று கேஸ் ஷீட்டில் இன்றும் எழுதும் வழக்கம் அங்கிருந்து வந்ததே. கருப்பை பன்னிரண்டு வார அளவைத் தாண்டிவிட்டால், தொந்தரவே இல்லாவிட்டாலும் எடுத்துவிட வேண்டும் என்று ஒரு காலத்தில் விதியே இருந்தது. கட்டி பெரிதாகிவிட்டால் பக்கத்திலுள்ள சினைப்பை கைக்குத் தட்டுப்படாது. அங்கே புற்றுநோய் வளர்ந்தாலும் தெரியாமல் போய்விடும் என்பது அதற்குச் சொன்ன முக்கியமான காரணம். சினைப்பையைத் தனியாகப் பார்க்க ஸ்கேன் வந்துவிட்டதால் அந்தக் காரணம் போய்விட்டது. விதி மட்டும் சில இடங்களில் இன்னும் பேச்சுவழக்கில் உயிரோடிருக்கிறது.

அந்த ஸ்கேன் பிறந்த கதையிலேயே ஃபைப்ராய்டுக்கு ஓர் இடமுண்டு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மகப்பேறியல் பேராசிரியராக இருந்தவர் இயன் டொனால்டு. இரண்டாம் உலகப் போரில் விமானப் படையில் பணியாற்றியபோது ரேடார், சோனார் கருவிகளோடு பழகியவர். பாய்லர் தயாரிக்கும் பாப்காக் அண்ட் வில்காக்ஸ் நிறுவனம் பக்கத்திலுள்ள ரென்ஃப்ரூ ஊரில் இருந்தது. இரும்புக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று மீயொலியைச் செலுத்திக் கண்டறியும் கருவி அங்கே இருந்தது. காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் கொண்ட ஒலிதான் மீயொலி. 1955 ஜூலையில் டொனால்டு அந்தத் தொழிற்சாலைக்குக் காரில் போனார். டிக்கியில் இருந்தவை, அறுவைச் சிகிச்சையில் அப்போதுதான் எடுத்த ஃபைப்ராய்டுகளும் சினைப்பை நீர்க்கட்டிகளும். ஒப்பிட்டுப் பார்க்க மாட்டிறைச்சித் துண்டு ஒன்றைத் தொழிற்சாலைக்காரர்களே கொடுத்தார்கள்.

விடை உடனே தெரிந்தது. நீர்க்கட்டிக்குள் போன ஒலி எதிலும் தட்டாமல் கடந்து, எதிர்ச் சுவரில் பட்டுத்தான் எதிரொலித்தது. ஃபைப்ராய்டுக்குள் போன ஒலி வழியெல்லாம் எதிரொலித்துக்கொண்டே, ஆழம் கூடக் கூடத் தேய்ந்தது. வெளியிலிருந்து தொட்டால் இரண்டும் உருண்டை. உள்ளே ஒன்று நீர், மற்றொன்று தசையும் நாரும். கத்தி வைக்காமலே அந்த வித்தியாசத்தைப் பார்க்க முடிந்தது. பொறியாளர் டாம் பிரவுன், மருத்துவர் ஜான் மெக்விகார் ஆகியோரோடு சேர்ந்து 1958-இல் ‘லான்செட்’ இதழில் டொனால்டு வெளியிட்ட கட்டுரைதான் மகப்பேறு மருத்துவத்தில் ஸ்கேன் யுகத்தைத் தொடங்கிவைத்தது.

இன்றைய கருவியும் செய்வது அதையே. ஒலி உடல் திசுவில் நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டு, எதிரொலி திரும்ப எடுத்த நேரத்தைத் தூரமாக மாற்றி, திரையில் புள்ளிகளாக வரைகிறது. விளிம்பு தெளிவாகத் தெரியும் உருண்டை, பின்னால் கோடுகோடாக விழும் நிழல், ஓரத்தைச் சுற்றி ஓடும் ரத்த நாளங்கள் ஆகியவை ஃபைப்ராய்டின் அடையாளங்கள். கருப்பைச் சுவரின் உள்படலம் தசைக்குள் ஊடுருவிப் பரவும் அடினோமயோசிஸ் என்ற வேறொரு நிலையிலும் கருப்பை பருத்து, உதிரப்போக்கு கூடும். ஆனால் அதற்குத் தெளிவான விளிம்பு இராது. ரிப்போர்ட்டில் ‘பல்கி யூட்ரஸ்’ என்று மட்டும் இருந்தால், இரண்டில் எது என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது. வயிற்றின்மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனைவிடப் பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் ஸ்கேன் சிறிய கட்டிகளைத் துல்லியமாகக் காட்டும். கட்டிகள் பலவாக இருந்தாலோ, மிகப் பெரியதாக இருந்தாலோ எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம்.

எவ்வளவு என்பதைவிட எங்கே

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோர் கண்ணும் சென்டிமீட்டரைத்தான் தேடுகிறது. மருத்துவர் முதலில் தேடுவது இடத்தை. உலக மகளிர் மருத்துவச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபிகோ, ஃபைப்ராய்டுகளை இருக்கும் இடத்தை வைத்து 0 முதல் 8 வரை வகைப்படுத்தியிருக்கிறது. 0 என்பது கருப்பையின் உள்ளறைக்குள் காம்பில் தொங்குவது. 1, 2 ஆகியவை தசையில் கொஞ்சம் புதைந்து உள்ளறைக்குள் துருத்துபவை. ரிப்போர்ட்டில் ‘சப்மியூகோசல்’ என்று வரும். 3, 4 தசைக்குள்ளேயே இருப்பவை, ‘இன்ட்ராமியூரல்’. 5 முதல் 7 வரை வெளிப்பக்கம் துருத்துபவை, ‘சப்சீரோசல்’. கருப்பை வாய் போன்ற பிற இடங்களில் வருவது 8.

ஒன்றரை சென்டிமீட்டரே உள்ள 0 வகைக் கட்டி மாதந்தோறும் நாப்கினை நனைத்துத் தள்ளி ஹீமோகுளோபினை ஏழுக்கும் எட்டுக்கும் இறக்கிவிடலாம். கரு தங்குவதையும் தடுக்கலாம். எட்டு சென்டிமீட்டர் உள்ள 6-ஆம் வகைக் கட்டி, வெளிப்பக்கம் சும்மா துருத்திக்கொண்டு, உதிரப்போக்கில் ஒரு சொட்டுகூடக் கூட்டாமல் இருக்கலாம். மூத்திரப்பையை அழுத்தினால்தான் அது இருப்பதே தெரியவரும். பயப்பட வேண்டியது பெரிய எண்ணுக்கு என்ற கணக்கு இங்கேயே அடிபட்டுப் போகிறது.

லட்டுக் கணக்கு

இனி அந்த அரை சென்டிமீட்டருக்கு வருவோம். ரிப்போர்ட்டில் இருப்பது குறுக்களவு. கட்டி வளர்வதோ எல்லாப் பக்கமும். ஐந்து சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு லட்டைச் செய்ய, நான்கு சென்டிமீட்டர் லட்டு இரண்டுக்குத் தேவைப்படும் பூந்தி வேண்டும். குறுக்களவில் கூடியது ஒரு சென்டிமீட்டர்தான்; பூந்தியோ ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆகவே 4.8, 5.3 ஆனால் கட்டியின் கன அளவு சுமார் 35 சதவீதம் கூடிவிட்டதாகக் கணக்கு வரும். கேட்டால் திக்கென்றிருக்கும்.

ஆனால் இதே கணக்கு மறுபக்கமும் வெட்டும். ஸ்கேன் செய்பவர் கட்டியின் ஓரம் இது என்று திரையில் ஒரு புள்ளி வைக்கிறார், எதிர் ஓரத்தில் இன்னொன்று. ஓரம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலோ, கருவியைச் சற்றே சாய்த்துப் பிடித்தாலோ புள்ளி இரண்டு மூன்று மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். ஒரே கட்டியை ஒரே நாளில் இரண்டு பேர் அளந்தாலும் இந்த வித்தியாசம் வரும். ஐந்து சென்டிமீட்டர் கட்டியை ஒருவர் 4.8 என்றும் மற்றவர் 5.3 என்றும் அளந்திருக்கக்கூடும். கட்டி அப்படியே இருக்க, தாளில் மட்டும் 35 சதவீதம் வளர்ந்திருக்கும்!

அப்படியானால் உண்மையான வளர்ச்சியை எப்படித்தான் அளப்பது? அமெரிக்காவின் வட கரோலினாவில் ஓர் ஆய்வுக் குழு இதற்கென்றே ஒரு திட்டம் வகுத்தது. மாதவிலக்கு நிற்காத 72 பெண்கள். 38 பேர் கறுப்பினத்தவர், 34 பேர் வெள்ளையினத்தவர். ஒரு வருஷத்தில் நான்கு தடவை அவர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மொத்தம் 262 ஃபைப்ராய்டுகளை ஒவ்வொன்றாக அடையாளம் வைத்துத் தொடர்ந்து அளந்தார்கள். 2008-இல் வெளியான முடிவு இது: கட்டிகளை வளர்ச்சி வரிசையில் நிறுத்தினால், நடுவில் நிற்கும் கட்டி ஆறு மாதத்தில் கன அளவில் 9 சதவீதம் கூடியிருந்தது.

ஐந்து சென்டிமீட்டர் கட்டிக்கு இது குறுக்களவில் எவ்வளவு? ஒன்றரை மில்லிமீட்டர். ஸ்கேன் சென்டரில் புள்ளி நகரும் தூரத்தைவிடக் குறைவு. ஆறு மாத இடைவெளியில், வெவ்வேறு இடங்களில் எடுத்த இரண்டு ரிப்போர்ட்டை வைத்து, நடுத்தர வேகத்தில் வளரும் ஒரு கட்டி வளர்ந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஒரே வயிற்றில் வேறு வேறு வழி

அதே ஆய்வின் அடுத்த முடிவு இதைவிட முக்கியமானது. 9 சதவீதம் என்பது நடுவில் நிற்பது மட்டுமே. ஒரு கோடியில் ஆறு மாதத்தில் 138 சதவீதம் பருத்த கட்டி இருந்தது. ஐந்து சென்டிமீட்டர் கட்டி 6.7 ஆவதற்குச் சமம். மறுகோடியில் 89 சதவீதம் சுருங்கிய கட்டி. மருந்து எதுவும் இல்லாமலே 100-க்கு 7 கட்டிகள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கியிருந்தன. கட்டி முதலில் எவ்வளவு பெரிதாக இருந்தது, கருப்பையில் எங்கே இருந்தது, பெண்ணின் உடல் பருமன் என்ன என்பவற்றுக்கும் வேகத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே பெண்ணின் கருப்பையிலுள்ள கட்டிகளுக்கு இடையிலான வேக வித்தியாசம், பெண்ணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான வித்தியாசத்தைப் போல் இரண்டு மடங்கு இருந்தது.

ஒரே ரத்தம், ஒரே ஹார்மோன், ஒரே உணவு. இருந்தும் ஒரு கட்டி பருக்க, பக்கத்திலிருப்பது சும்மா இருக்க, மூன்றாவது சுருங்குகிறது. ஏன்?

இதற்கான முதல் தடயம் 1965-இலேயே கிடைத்துவிட்டது. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் உண்டு. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. கருவாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் இவற்றில் ஒன்றை அணைத்துவிடுகிறது. எதை அணைப்பது என்பது செல்லுக்குச் செல் மாறும். அதன் வழித்தோன்றல்கள் அந்த முடிவை மாற்றுவதில்லை. ஜி-6-பி-டி என்ற நொதியை உண்டாக்கும் மரபணு இந்த எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்கள் சிலரிடம் அந்த நொதியின் ‘ஏ’ வடிவம் ஒரு குரோமோசோமிலிருந்தும் ‘பி’ வடிவம் மற்றதிலிருந்தும் வரும். டேவிட் லிண்டர், ஸ்டான்லி கார்ட்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இத்தகைய பெண்களின் கருப்பையை எடுத்துப் பார்த்தார்கள். சாதாரணத் தசைத் துண்டில் ஏ, பி இரண்டும் கலந்திருந்தன. ஆனால் ஒவ்வொரு ஃபைப்ராய்டிலும் ஏதாவது ஒன்றுதான் இருந்தது. ஒரே கருப்பையில் ஒரு கட்டி முழுக்க ஏ, இன்னொன்று முழுக்க பி.

ஒவ்வொரு கட்டியும் ஒற்றைச் செல்லின் வம்சம் என்பதற்கு இது சான்று. ஒரு கட்டி இன்னொன்றாகப் பரவவில்லை. ஐந்து கட்டிகள் இருந்தால் ஐந்து தனித்தனித் தொடக்கங்கள்.

அந்தத் தொடக்கம் என்ன என்பதற்குப் பின்லாந்திலிருந்து பதில் வந்தது. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் லவுரி ஆல்டோனென் குழு 80 பெண்களிடமிருந்து எடுத்த 225 ஃபைப்ராய்டுகளின் மரபணுக்களை வாசித்தது. 159 கட்டிகளில், அதாவது 70 சதவீதத்தில், எம்.இ.டி.12 என்ற ஒரே மரபணுவில் எழுத்துப்பிழை இருந்தது. 2011-இல் ‘சயன்ஸ்’ இதழில் இது வெளியானது. மீதிக் கட்டிகளில் வேறு மரபணுக் கோளாறுகள். பிறப்பு வேறு என்றால் வளர்ப்பும் வேறாகத்தானே இருக்கும்.

ஹார்மோன் இதில் எங்கே வருகிறது? கட்டி வளரக் காரணம் ஈஸ்ட்ரோஜன் என்றே நீண்ட காலம் நினைத்திருந்தார்கள். மனித ஃபைப்ராய்டுத் துணுக்குகளை எலியின் உடலில் பதித்து ஒவ்வொரு ஹார்மோனாகக் கொடுத்துப் பார்த்தபோது, ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்தால் கட்டி வளரவில்லை. புரோஜெஸ்டிரோனும் சேர்ந்தால் வளர்ந்தது. புரோஜெஸ்டிரோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளைச் செல்லில் உண்டாக்கிக் கொடுப்பதுதான் ஈஸ்ட்ரோஜனின் வேலை. இந்த இரண்டும் வற்றும்போது, அதாவது மாதவிலக்கு முற்றாக நின்றபின், பெரும்பாலான ஃபைப்ராய்டுகள் சுருங்குகின்றன. ஹார்மோன் சுரப்பை நிறுத்தும் ஊசி போட்டாலும் சுருங்கும்; ஊசியை நிறுத்தினால் மறுபடி பருக்கும். பிரசவமும் கட்டியைக் கரைக்கலாம். கர்ப்பத்தின் தொடக்கத்தில் ஒரே ஒரு ஃபைப்ராய்டு இருந்த 171 பெண்களைப் பிரசவத்துக்குச் சில மாதங்களுக்குப் பின் ஸ்கேன் செய்த ஓர் அமெரிக்க ஆய்வில், 36 சதவீதம் பேரிடம் கட்டியையே காணவில்லை.

ஆக, முன்கணிப்பில் இன்று உறுதியாகச் சொல்லக்கூடியது கொஞ்சமே. குட்டிக் கட்டிகள் சராசரியாக வேகமாகவும், நடுத்தரமானவை மெதுவாகவும் வளர்வதாகப் பிந்தைய ஸ்கேன் ஆய்வுகள் காட்டுகின்றன. மாதவிலக்கு நிற்கும் வயது நெருங்கினால் பொறுத்துப் பார்ப்பதற்கு அர்த்தம் உண்டு. மற்றபடி, இந்தப் பெண்ணின் இந்தக் கட்டி அடுத்த வருஷம் இத்தனை சென்டிமீட்டர் ஆகும் என்று சொல்லும் சோதனை எதுவும் மருத்துவமனைப் பயன்பாட்டில் இல்லை. அப்படிச் சொல்லி அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறித்தால், இன்னொரு மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

வேகமாக வளர்ந்தால் புற்றுநோயா?

இந்தப் பயத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1994-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஃபைப்ராய்டு என்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1,332 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். அவர்களில் 371 பேருக்கு ‘வேகமாக வளர்கிறது’ என்பதற்காகவே அறுவை நடந்திருந்தது. அந்த 371 பேரில் சார்கோமா என்னும் புற்றுநோய் இருந்தது ஒரே ஒருவருக்கு. வேகமாக வளர்வது மட்டும் புற்றுநோய்க்கு அடையாளம் ஆகாது என்பது அதிலிருந்து தெளிவானது.

அதற்காக முற்றிலும் அலட்சியமாக இருக்கவும் முடியாது. எந்த ஸ்கேனும் சார்கோமாவை நூற்றுக்கு நூறு விலக்கிவிடாது. கட்டியை வயிற்றுக்குள்ளேயே துண்டுதுண்டாக்கி எடுக்கும் மார்சலேட்டர் கருவியைப் பற்றி 2014-இல் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது இதனால்தான். மறைந்திருக்கும் புற்றுநோய்ச் செல்கள் அதனால் வயிறு முழுக்கச் சிதறக்கூடும். குறிப்பாக, மாதவிலக்கு நின்றுபோன பிறகு கட்டி வளர்ந்தாலோ, ரத்தம் பட்டாலோ தாமதிக்கவே கூடாது.

இந்தியாவில் இந்தக் கணக்குகளுக்குத் தனி எடை உண்டு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடலில் மாதந்தோறும் கூடுதலாகப் போகும் உதிரம், கட்டியின் அளவைவிட அவசரமான விஷயம். மறுபக்கம், தேவையில்லாமல் கருப்பையை அகற்றுவது பற்றிய புகார்கள் உச்ச நீதிமன்றம் வரை போயின. அதைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டுதல்களை மூன்று மாதங்களுக்குள் மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் நீதிமன்றம் உத்தரவிட்டது.

எனவே ஃபைப்ராய்டு இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சிலவற்றைக் கைக்கொள்ளலாம். பழைய ரிப்போர்ட், ஃபிலிம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த ஸ்கேனை முடிந்தவரை அதே சென்டரில் எடுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் குறிக்கச் சொல்லுங்கள். கட்டி எந்த வகை, உள்ளறையைத் தொடுகிறதா என்று கேளுங்கள். மாதவிலக்கில் எத்தனை நாள், எத்தனை நாப்கின் என்று குறித்து வைத்து, ஹீமோகுளோபினையும் சோதித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். உதிரப்போக்கும் வலியும் இல்லாமல், ரத்தமும் 12 கிராமுக்குக் குறையாமல் இருந்தால், தாளில் கூடிய அரை சென்டிமீட்டருக்காக மட்டும் கருப்பையை எடுக்கச் சம்மதிக்காதீர்கள்.